வசிப்பிடம் இல்லாத முதலிடம்

மகள் முதலாவதாக வந்திருக்கிறாள் என்ற செய்தி பொன்னையாவுக்கு வந்தபோது, அவர் கண்டியில் தான் வேலை செய்யும் புடவைக் கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நிரோஷாதான் போனில் சொன்னாள்.

"அப்பா, ரிசல்ட் வந்துருச்சு. நான்தான் ஃபர்ஸ்ட்."

"தோட்டத்துலயாம்மா?"

"இல்லப்பா. எழுதின எல்லார்லயும்."

பொன்னையா போனைச் சட்டைப் பையில் போட்டார். கல்யாணப் பெண்ணின் தாய் வேண்டாமென்று ஒதுக்கிவைத்த சேலையையே மறுபடி எடுத்து விரித்து, "இது நல்லா இருக்குங்கம்மா" என்றார். விஷயத்தைக் கேள்விப்பட்ட முதலாளி அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அவள் எழுதியது மலைநாட்டுத் தகைமைச் சபையின் பரீட்சை. மலைநாட்டில் கெட்டிக்காரர்களாகவும் ஏழைகளாகவும் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் தன் தொழில்நுட்பக் கல்லூரியில் இடமும் முழுப் புலமைப்பரிசிலும் கொடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட சபை அது. தேடும் வேலை கடினமானது என்பதால் சபைக்கு ஒரு தவிசாளரும் பல உபதவிசாளர்களும் இருந்தார்கள். ஏரி தெரியும் மேட்டில் குளிரூட்டிய கட்டடம் இருந்தது. கறுப்புக் கண்ணாடி வாகனங்கள் இருந்தன. ஏழைப் பிள்ளைகள் மட்டும் இன்னும் சரியாக அகப்படவில்லை.

பரீட்சையில் எடுக்கும் புள்ளியைச் சபையில் பச்சைப் புள்ளி என்பார்கள். அதை வதிவிடக் குணகத்தால் பெருக்கினால்தான் அது தகைமைப் புள்ளியாகும். நகரத்துப் பிள்ளைக்கு ஒரு குணகம், சிறு பட்டினத்துப் பிள்ளைக்கு ஒன்று, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்று. வசதியில்லாத இடத்திலிருந்து வருகிறவனுக்குக் கை கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. கேட்கிறவர்களுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது என்றுதான் தோன்றும். பொன்னையாவுக்கும் தோன்றியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனார்.

வதிவிட உறுதிப்படுத்தல் உத்தியோகத்தர் திரு. பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு மாற்றலாகி வந்து நிறைய வருஷமாகிவிட்டது. பண்பான மனிதர். வந்தவரைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்வார்.

"மகள் கெட்டிக்காரி," என்றார். "பச்சைப் புள்ளியில முதலாவது. ஆனா பச்சையை அப்பிடியே பரிமாறேலாது கண்டியளோ. எங்க வசிக்கிறா எண்டு தெரிய வேணும்."

"அவ எங்க இருந்தாலும் முதலாவதுதானுங்களே ஐயா?"

"ஓம். அதாலதான் இன்னும் கவனமாப் பாக்க வேணும். எங்க இருக்கிறா?"

பொன்னையா உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் செய்த முதல் பிழை அது. வீடு தெல்தோட்டைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒரு காம்பரா. மனைவி அங்கம்மா அங்கே கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானம் கிடையாது. அதனால் நிரோஷா கிழமை நாட்களில் கண்டி நகரை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில், கூடப் படிக்கும் ஷஹ்மாவின் வீட்டில் தங்கிக் கண்டியில் படித்தாள். பொன்னையா கடை மாடியில் படுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பனும் மகளும் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

பொன்னுத்துரை துக்க வீட்டில் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்ப ஒரு குடும்பம் மூண்டு இடத்தில வசிக்குது."

"இல்லீங்க, ஒரே இடந்தான். மத்த ரெண்டும் தூங்கத்தானுங்க."

"பிழை விட்டிட்டியள். சபையின்ர விதிப்படி நித்திரைதான் வசிப்பு." அவர் பேனாவைத் திறந்தார். "தோட்டத்து வீட்டுக்குக் கரண்ட் பில் இருக்கோ?"

"தோட்டத்துப் பேருலதான் வருதுங்க."

"தண்ணி பில்?"

"பீலித் தண்ணிங்க ஐயா. மலையில இருந்து வருது."

"பீலிக்கு ஆரும் பில் தாறேல்லையோ?"

"மழைதானுங்களே குடுக்குது."

"வீட்டு இலக்கம்?"

"லயத்துக்கு நம்பர் இருக்கு. எங்க காம்பராவுக்கு இல்லீங்க. கோயில் பக்கமா வந்தா நடுவுல இருக்கும். கேட்டா யாரும் காட்டுவாங்க."

"எவ்வளவு காலமா இருக்கிறியள்?"

"எங்கப்பாரு பொறந்ததே அந்தக் காம்பராவுலதானுங்க."

"அதுக்கு ஏதாவது ஆதாரம்?"

பொன்னையா யோசித்தார். "நான் இருக்கேனுங்களே" என்றார்.

பொன்னுத்துரை அதை எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் அவர் கட்டுகஸ்தோட்டைக்குப் போனார். ஷஹ்மாவின் தாய் ஸுமைரா தேத்தண்ணி கொடுத்து, நிரோஷா படுக்கும் அறையைக் காட்டினாள். ஒரு கட்டில் இருந்தது.

"இதில ஆர் படுக்கிறது?"

"எங்கட மகள் ஷஹ்மாவும் நிரோஷாவும். வந்த நாள்ல இருந்தே ஒண்டாத்தான் படுக்கிற."

"அப்ப பாதிக் கட்டில்." பொன்னுத்துரை கட்டிலின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். "நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"மொறையா? எங்கட புள்ளயோட படிக்கிற புள்ள. எங்கட ஊட்டுலதான் சோறு தின்னுற."

"இரத்த உறவில்லை," என்று அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் பொன்னையாவுக்கு விளங்கப்படுத்தினார். நகரத்தில் வசிப்பவர் ஆவதற்கு உறவினர் வீடாக இருக்க வேண்டும். முழுக் கட்டிலாக இருக்க வேண்டும். ஆகவே மகள் நகரத்தில் வசிக்கவில்லை. பொன்னையாவுக்குச் சந்தோஷமாகப் போயிற்று. நகரத்தில் இல்லையென்றால் தோட்டத்தில் இருந்துதானே ஆக வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை சபையின் வாகனம் தோட்டத்துக்கு ஏறியது. பொன்னுத்துரையோடு தூரம் அளக்க ஒருவரும் படம் பிடிக்க ஒருவரும் வந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. வாகனம் பாதி வழியில் நின்றுவிட, மூவரும் சப்பாத்தோடு தேயிலை வழியே நடந்தார்கள். தூரம் அளக்க வந்தவரின் காலில் அட்டை ஏறி, அவர் அதற்கப்புறம் எதையும் அளக்கவில்லை.

லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராவுக்குப் புதிதாக நீலச் சாயம் அடித்திருந்தது. கதவில் பித்தளையில் பெயர்ப் பலகை: க. சஞ்சீவ், மாணவர். சஞ்சீவ், பிலிமத்தலாவையில் இரும்புக் கடை வைத்திருக்கும் கனகரத்தினம் முதலாளியின் மகன். கண்டியில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். கடைக்குப் பின்னால் அவர்களுக்கு மாடி வீடு இருக்கிறது. அந்தக் காம்பராவில் இருந்த குடும்பம் கொழும்புக்குப் போனதும், முதலாளி தோட்டத்தை நடத்தும் துரையோடு பேசி அதை எடுத்து, தனி மீட்டரும் தனிக் குழாயும் போட்டிருந்தார். லயத்தில் தண்ணி பில் வரும் ஒரே காம்பரா அதுதான்.

முதலாளியின் டிரைவர் சாவியோடு காத்திருந்தார். உள்ளே மேசை, கதிரை, மேசை விளக்கு, உலக உருண்டை எல்லாம் இருந்தன. கட்டிலில் மெத்தை, பிளாஸ்டிக் உறையோடு. ஒரு அகராதியும் பிளாஸ்டிக் உறையோடு.

பொன்னுத்துரை செருப்பைக் கழற்றும் இடத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். படம் பிடிப்பவர் எல்லாப் பக்கமும் பிடித்தார்.

"படிக்கிற பிள்ளையின்ர வீடெண்டா இப்பிடித்தான் இருக்க வேணும்," என்றார் பொன்னுத்துரை.

"அந்தத் தம்பி இங்க வந்து நான் பார்த்ததே இல்லீங்களே ஐயா," என்றாள் அங்கம்மா. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆள் இல்லாததால வசிப்புக்குப் பாதிப்பில்லை. படிக்கப் போயிருப்பார்."

பிறகு அவர்கள் அங்கம்மாவின் காம்பராவுக்கு வந்தார்கள். நிரோஷா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காம்பரா துஷ்யந்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துஷ்யந்தியும் அதே பரீட்சை எழுதியவள். புள்ளி அவ்வளவு அதிகமில்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக்குப் போன வருஷம் போட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். தெரிவாகிவிடுவோம் என்ற நம்பிக்கையில், கல்லூரிக்குப் போய்த் திணறக் கூடாதே என்று இப்போதே படிக்க ஆரம்பித்திருந்தாள்.

உள்ளே புகை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சுவரோரம் பாய் சுருட்டி வைத்திருந்தது. மேசை இல்லை. நிரோஷாவின் புத்தகங்கள் கூரை ஒழுக்குக்குப் பயந்து உர பேக்குக்குள் கட்டிக் கிடந்தன.

"ஒரு மாணவி இங்க வசிக்கிறதுக்கு எந்தத் தடயமும் இல்லையே," என்றார் பொன்னுத்துரை, உண்மையான கவலையோடு.

நிரோஷா எழுந்து நின்றாள். "நான் இங்கதானே இருக்கேன் சேர்."

"இருக்கிறீர் தான் பிள்ளை. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இருக்கிறது வேற, வசிக்கிறது வேற."

படம் பிடிப்பவர் அடுப்பை ஒரு படம் எடுத்தார். நிரோஷா கமராவுக்குள் வந்துவிட்டாள் என்று, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். அங்கம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். குடித்துவிட்டு, நல்ல சாயம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நாளில் பொன்னையா மறுபடி வெள்ளைச் சட்டை போட்டார். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் தவிசாளரும் உபதவிசாளர்களும் இருந்தார்கள். தவிசாளர் பேச்சுத் தமிழில் பேசுவதில்லை. வீட்டில் தண்ணீர் கேட்பதுகூட எழுத்துத் தமிழில்தான் என்று சபையில் சொல்வார்கள்.

"மகளே, உமது புள்ளியைக் கண்டு சபை பெருமிதம் கொள்கிறது," என்று அவர் தொடங்கினார். "சபை வரலாற்றிலேயே அதியுயர்ந்த புள்ளி. அதனை இழக்கச் சபை விரும்பவில்லை. ஆயினும் நகரப் பிரிவு உம்மை ஏற்கவில்லை. தோட்டப் பிரிவுக்கு ஆதாரம் இல்லை. வசிப்பிடம் அற்ற ஒருவருக்குக் குணகம் பூச்சியம். எந்த எண்ணையும் பூச்சியத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று கணிதத்தில் சிறந்த உமக்கு நான் சொல்லத் தேவையில்லை."

"குணகம் இல்லாமலே நான்தானே சேர் முதலாவது," என்றாள் நிரோஷா. "தோட்டத்துச் சலுகை எனக்கு வேணாம். நகரத்துப் பிள்ளைகளோட சேர்த்தே பாருங்க."

"அது நகரத்துப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி. நீர் நகரத்தவர் அல்லவே."

"அப்ப தோட்டத்துப் பிள்ளைகளோட பாருங்க."

"அது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி. நாம் அவர்களுக்காகவே இருக்கின்றோம்."

ஓர் உபதவிசாளர் இரக்கப்பட்டார். "அப்பாவின் பெயரில் எங்காவது ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்," என்றார். "ஏழைகள் இப்படியான அடிப்படை விஷயங்களைக் கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள்."

"சரிங்க ஐயா," என்றார் பொன்னையா. அவருக்குக் கடையில் பழகிய வாய். எதைக் கேட்டாலும் அதுதான் முதலில் வரும். வெளியே வந்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசித்தார்.

தீர்மானம் தபாலில் வந்தது. சபையின் முத்திரைக்கு மேலே, விண்ணப்பதாரியும் அவருடைய பெற்றோரும் எவ்விடத்திலும் வசிக்கவில்லை என்று உறுதிப்படுத்தியிருந்தார்கள். தபால்காரர் அதைக் கொண்டுவந்து அங்கம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

சபைக் கட்டடத்திலேயே நடக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் அழைப்பு வந்தது. முதற்புள்ளி எடுத்தவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தால் விழா சிறக்கும் என்று பொன்னுத்துரை போன் பண்ணிச் சொன்னார். நிரோஷா போக வேண்டாம் என்றாள். பொன்னையாதான், பெரிய மனிதர்கள் முன்னால் ஒருமுறை முகத்தைக் காட்டினால் மனம் இளகுவார்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்.

தோட்டப் பிரிவில் சஞ்சீவ் தெரிவாகியிருந்தான். அவன் கெட்ட பையன் அல்ல. மேடைக்கு ஏறும்போது கால் தடுக்கியது; முகம் வெளிறியிருந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தான்.

"லயத்துக் காம்பராவில், மின்சாரம் காணாத இருளில், குப்பி விளக்கு வெளிச்சத்தில் நான் படித்தேன்..."

சனம் கை தட்டியது. முன்வரிசையில் கனகரத்தினம் முதலாளி கண்ணைத் துடைத்தார். கரண்ட் பில்லைக் காட்டி வசிப்பிடம் எடுத்தவன் கரண்ட் இல்லையென்று அழுகிறானே என்று பொன்னையா சுற்றுமுற்றும் பார்த்தார். பொன்னுத்துரையும் கை தட்டிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்கிய சஞ்சீவ், நிரோஷாவைக் கண்டதும் வேறு பக்கமாகச் சுற்றிப் போய்த் தன் கதிரையில் இருந்தான்.

பிறகு தவிசாளர் பேசினார்.

"தகைமைக்கு ஊர் இல்லை. ஆனால் தகைமை உடையவருக்கு ஊர் இருந்தே ஆக வேண்டும். தெல்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அங்கிருந்து சில பிள்ளைகள் தெரிவாயினர். இவ்வாண்டு ஒருவர் மாத்திரமே. ஏன்? ஒரு தோட்டத்தின் சராசரியைக் கொண்டே அதன் வெட்டுப்புள்ளியை இடுகின்றோம்; அத்தோட்டத்தின் வெட்டுப்புள்ளி உயர்ந்துவிட்டது. வரலாறு காணாத ஒரு புள்ளி அத்தோட்டத்தில் பதிவானமையால் அதன் கல்வித்தரமே உயர்ந்துவிட்டது. தரம் உயர உயரத் தெரிவாவோர் குறைவர். ஒரு தோட்டத்துப் பிள்ளையேனும் தெரிவாகாத நாள் ஒன்று வரும். அன்றைக்கே எமது பணி நிறைவுறும்."

கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. பொன்னையாவும் பழக்கத்தில் கையைத் தூக்கினார். நிரோஷா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வரலாறு காணாத புள்ளி என்னோடதுப்பா," என்றாள். "என் மார்க்கைத் தோட்டத்துக் கணக்கில சேர்த்திருக்காங்க. அதால வெட்டுப்புள்ளி ஏறியிருக்கு. அதாலதான் துஷ்யந்தி விழுந்திருக்கா."

துஷ்யந்தி சிறிய வித்தியாசத்தில் தவறியதை லயத்தில் எல்லோரும் அறிவார்கள். எதனால் தவறினாள் என்று துஷ்யந்தியின் தாய்க்கு யாரோ அதற்கு முன்பே சொல்லிவிட்டிருக்க வேண்டும். கொஞ்ச நாளாக அவள் அங்கம்மாவோடு பேசுவதில்லை. பீலியில் குடத்தை வைத்துவிட்டு, அங்கம்மா வந்தால் நகர்ந்து நிற்பாள். ஏனென்று தெரியாமல் அங்கம்மா வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து சிற்றுண்டி கொடுக்கும் நேரத்தில் நிரோஷா பொன்னுத்துரையைப் பிடித்தாள். அவர் கையில் ரோல்ஸ் இருந்தது.

"சேர், என் மார்க் எந்தத் தோட்டத்தில இருக்கு?"

"உங்கட தோட்டத்தில தான் பிள்ளை. பரீட்சைக்கு அந்த விலாசம் தானே குடுத்தனீர்."

"அப்ப நான்?"

"உமக்குத்தான் ஆதாரம் இல்லையே. புள்ளிக்குக் கரண்ட் பில் தேவையில்லை."

"எனக்கு ஒண்ணும் வேணாம் சேர். நான் விலகிக்கிறேன். அந்த மார்க்கை எடுத்துட்டா துஷ்யந்தி தெரிவாகிடுவா. அதை மட்டும் எடுத்துடுங்க."

பொன்னுத்துரை ரோல்ஸைத் தட்டில் வைத்தார். பக்கத்தில் நின்ற தவிசாளரிடம் போய்க் காதில் சொன்னார். தவிசாளர் புன்சிரிப்போடு வந்தார்.

"உயர்ந்த எண்ணம். விலகுவதற்கு விதியில் இடமுண்டு. ஆனால் தோட்டப் பிரிவிலிருந்து விலக வேண்டுமானால், முதலில் தோட்டத்தில் வசிக்க வேண்டும் அல்லவா? வசிப்பிடத்தை நிரூபித்துவிட்டு வாரும். உடனேயே விலக்கிவிடுகின்றோம்." அவர் பொன்னையாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "அடுத்த ஆண்டும் எழுதச் சொல்லுங்கள். இத்தகைய பிள்ளைகளால்தான் சபைக்கு மதிப்பு. வாருங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்வோம்."

படம் பிடிப்பவர் ஓடி வந்தார். பொன்னையா அந்தக் கையைப் பார்த்தார். மிருதுவான, சுத்தமான கை. அது நீட்டியபடியே நின்றது. சரிங்க ஐயா என்பது வாய்வரைக்கும் வந்தது. அந்த வார்த்தையே வாயில் புளித்தது. அவர் மகளின் தோளைத் தொட்டு, "வாம்மா," என்று வாசலுக்கு நடந்தார்.

வெளியே ஏரிக்கரையில் வாகன இரைச்சல். படியில் நின்று பொன்னையா கேட்டார்.

"அடுத்த வருசம் எழுதுவியாம்மா?"

"மாட்டேன்பா. நான் எழுதினா மறுபடி மார்க் வரும். மறுபடி வெட்டுப்புள்ளி ஏறும். நம்ம லயத்தில இன்னொரு பிள்ள விழும்." நிரோஷா கண்ணைத் துடைக்கவில்லை, கோபத்தில் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. "இவங்க பரீட்சைக்கு நான் மொக்குப் பிள்ளையா இருந்திருக்கணும்."

பொன்னையா வாழ்நாளெல்லாம் புடவைகளுக்கு நடுவில் வேலை செய்தவர். கறை பட்டுவிடுமென்று வெற்றிலைகூடப் போடாதவர். தெருவில் எச்சில் துப்புகிறவர்களைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். அவர் திரும்பினார். மலைநாட்டுத் தகைமைச் சபை என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்த கருங்கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து காறி, அதன்மேல் துப்பினார்.

நிரோஷா அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ மாத்தையா, என்ன வேல இது? இங்க துப்ப ஏலாது. ஃபைன் வரும்." அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பேரு?"

"பொன்னையா."

"எங்க இருக்கிறது? விலாசம் சொல்லுங்க. கடிதம் வீட்டுக்கு வரும்."

"விலாசம் இல்லீங்க," என்றார் பொன்னையா.

"அது எப்பிடி இல்லாம? எல்லாருக்கும் இருக்குத்தானே."

"எங்களுக்கு இல்லீங்க. நாங்க எங்கயும் வசிக்கல. உள்ள பெரிய ஐயா இருக்காரு, கேட்டுப் பாருங்க. சீல் குத்திக் கையெழுத்துப் போட்டே குடுத்திருக்காரு."

காவலாளி பேனாவைப் பிடித்தபடி ஒருமுறை கட்டடத்தையும் ஒருமுறை கல்லையும் பார்த்தார். பொன்னையா சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மகளோடு படியிறங்கித் தெல்தோட்டைக்குப் பஸ் பிடிக்க நடந்தார்.